ஒன்பதாம் ஆண்டுக் காசு

அந்தக் காசு என் கைக்கு வந்தபோது முற்பகல். இஸ்தக்ர் பக்கத்துக் குதிரை வியாபாரி ஒருவன், தேய்ந்த பழைய வெள்ளியைக் கொடுத்துப் புதியது வாங்க வந்தவன், ஒரு தோல்பையை என் மேசையில் கவிழ்த்துவிட்டு ஈச்சம்பழம் தின்றுகொண்டு நின்றான். காசு அடிக்கும் எங்கள் தாராப்கிர்த் அக்கசாலையில் மாற்றுப் பார்ப்பது என் வேலை. வருகிற வெள்ளியை உரைகல்லில் இழுத்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கலப்படத்தை ஒரு பக்கமும் ஒதுக்கி, உருக்குகிற மூசைக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக இதையே செய்கிறேன். மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறாய் என்று என் தங்கை தேனக் திட்டுவாள்.

குவியலில் அது ஒன்று மட்டும் புதிது. விளிம்புகூட மழுங்கவில்லை. முன்பக்கம் முன்னாள் அரசரான மூத்தவரின் தலை, பிறை வைத்த கிரீடம். அதில் அதிசயமில்லை. மூத்தவரின் காசுகள் நாடெங்கும் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. திருப்பினேன். நெருப்பு மேடை, இருபுறமும் இரண்டு காவலர். வலப்பக்கம் எங்கள் ஊரைக் குறிக்கும் எழுத்து. இடப்பக்கம் ஆண்டு: ஒன்பது.

மூத்தவருக்கு ஒன்பதாம் ஆண்டே கிடையாது.

அவருடைய எட்டாம் ஆண்டு முடிய இருபது நாள் இருக்கும்போதே பிரபுக்களும் குருமார்களும் சேர்ந்து அவரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கி ஒரு கோட்டையில் அடைத்துவிட்டார்கள். தம்பி பட்டத்துக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாரும் இருவரின் பெயரையும் வாயால் சொல்வதில்லை. மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். எந்தப் பெயர் எந்தக் காதில் விழுந்தால் ஆபத்து என்று யாருக்கும் தெரியவில்லை. மூத்தவரின் அச்சுகளையெல்லாம் அக்கசாலை முற்றத்தில் போட்டு, கோவில் குருவைச் சாட்சி வைத்துச் சம்மட்டியால் உடைத்தோம். அவர் பெயரில் இனி ஒரு காசு அடிப்பவனுக்கும், அச்சு வெட்டுபவனுக்கும் வலது கை போகும் என்று முரசறைந்தார்கள்.

இந்த அச்சை வெட்டியது யார் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேடையின் சுடர் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, காற்றடிப்பதுபோல. இரண்டு வருடமாக எங்கள் ஊர்க் காசில் சுடர் அப்படித்தான் சாய்கிறது. அதைச் செதுக்குபவன் பூர்ஸக், என் தங்கை புருஷன்.

"இத யார் குடுத்தா உனக்கு?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

"மலப்பக்கம் முப்பது குதிர வித்தேன் ஐயா. எந்தக் காச எவன் குடுத்தான்னு கண்டேன்? நான் குதிரைக்குத்தான் பல்லப் புடிச்சுப் பாப்பேன், மனுசனுக்குப் பாக்குறதில்ல."

"வாங்கினவங்க எந்த ஊரு?"

"மூஞ்சியத் துணியால சுத்தியிருந்தாங்க. விலையும் பேசல. விலை பேசாம வாங்குறவன்கிட்ட நான் ஊரு பேரு கேக்குறதில்ல."

சட்டப்படி அந்தக் காசை அந்த நிமிடமே மேலாளர் விந்தாத்திடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். நான் அதை இடுப்புக் கச்சைக்குள் செருகினேன். செருகி நிமிரும்போது வாசலில் பூர்ஸக் நின்றுகொண்டிருந்தான். கையில் துணி சுற்றிய புது அச்சு. எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"என்ன மச்சான், இடுப்புல கைய விட்டுத் தேடுற?"

"எறும்பு."

"வெள்ளி தின்னுற எறும்பா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டும் சரியாக வரவில்லை.

அன்று முதல் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கத் தொடங்கியதும் எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. இரண்டு வருடமாக அவன் அக்கசாலைப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. "வீட்டுலதான் வெளிச்சம் நல்லா வருது" என்று சொல்லி, விந்தாத்தின் அனுமதியோடு வேலையை வீட்டுக்கு எடுத்துப்போகிறான். வேலை செய்யும் அறைக்குப் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். முன்பெல்லாம் ஓய்வு நாளில் என்னோடு பகடை ஆடாமல் இருக்க மாட்டான். இப்போது கூப்பிட்டால் தலைவலி என்கிறான். தெருவில் எதிரே போனால்கூட நான் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். என் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறான் என்று முடிவு கட்டினேன்.

ஆனால் எதற்காகச் செய்தான் என்பதுதான் பிடிபடவில்லை. அவனுக்குச் சூது கிடையாது. மதுவில் இரண்டு கிண்ணம் தாண்டினால் அழத் தொடங்கிவிடுவான். அப்படிப்பட்டவனை நம்பி எந்தச் சதிகாரன் சதி செய்வான்?

ஒவ்வொரு மாலையும் விந்தாத் என் மேசைப் பக்கம் வருவார். மெல்லிய குரல்காரர். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. "யஸ்தின், இன்னிக்கு ஏதாவது விசேஷமா வந்துதா?" என்பார். எப்போதும் கேட்கிற கேள்விதான். "ஒண்ணும் இல்லங்க ஐயா" என்பேன். இப்போது அந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் கச்சைக்குள் அந்தக் காசு சுட்டது. அவர் கண் என் மேல் வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாக நிற்பதாகத் தோன்றியது.

ஓய்வு நாளில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சீமை மாதுளம்பழம் போட்டு ஆட்டிறைச்சி சமைத்திருந்தாள். ரொட்டியைப் பிட்டு வைத்துக்கொண்டு பூர்ஸக்கையே பார்த்தேன்.

"அண்ணே, அவர ஏன் இப்பிடி முறைக்கிற? ரொட்டி ஆறுது" என்றாள் தேனக்.

"உன் புருசன் பகடை ஆட வர மாட்டேங்கிறானே, ஏன்னு பாக்குறேன்."

"தோத்துத் தோத்து அலுத்துப் போச்சு மச்சான்" என்றான் அவன். பிறகு கிண்ணத்தைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ வானிலை விசாரிப்பதுபோலக் கேட்டான்: "அச்சு வைக்கிற காப்பறைச் சாவி ஐயாகிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு. மூணாவது கிடையாதுல்ல?"

"கிடையாது. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா எவனும் சாவியப் பத்திக் கேக்க மாட்டான்."

"சும்மா எவனும் இடுப்புல எறும்ப விட்டுக்கவும் மாட்டான்."

தேனக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் என்ன கேடு? ஒரு கலத்துல சாப்பிட்டவங்க மாதிரியா பேசுறீங்க?" என்று எழுந்து உள்ளே போனாள். அவள் திரும்பி வந்த பிறகு மூன்று பேரும் இறைச்சியைப் பற்றி மட்டும் பேசினோம்.

வீட்டுக்கு வந்ததும் காசைக் கோதுமைக் குதிருக்குள் போட்டேன். அங்கேயும் மனம் நிற்கவில்லை. எடுத்துச் சேணத்துக்குள் வைத்துத் தைத்தேன். அவன் என்னை விந்தாத்திடம் முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடுவானோ என்ற பயம் வந்துவிட்டது. என் தங்கையின் புருஷன், பதினாறு வருட நண்பன், அவனைப் பற்றித்தான் இப்படி நினைத்தேன்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மதியம், அக்கசாலையில் உலை பழுது என்று வேலை நின்றது. சேணத்தைப் பிரித்துக் காசை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் யாருமில்லை. வேலையறைத் தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் உளிச் சத்தம்: டக், டக், டக். சீரான, அவசரமில்லாத தட்டு. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மாதுளை மரத்தடியில் உட்கார்ந்தேன். அவன் வெளியே வரட்டும்; காசை மூஞ்சிக்கு நேரே நீட்டிவிட்டுத்தான் பேச்சு.

அப்போது தெருக்கதவு திறந்தது. ஒரு முலாம்பழத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவியபடி பூர்ஸக் உள்ளே வந்தான்.

உளிச் சத்தம் நிற்கவில்லை.

நான் எழுந்து போய்க் கதவைத் தோளால் இடித்தேன். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. கூரைச் சாளரத்து வெளிச்சத்தின் நடுவே, இரும்புப் பிடியில் அச்சை இறுக்கி வைத்து, முக்காட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வாயில் ஒரு மெல்லிய உளியைக் கவ்வியபடி தேனக் உட்கார்ந்திருந்தாள். இளையவரின் காதுத் தோட்டுக்கு முத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

உளியை வாயிலிருந்து எடுத்தாள். "கத்தாத. உள்ள வா, கதவச் சாத்து. சாத்துறதுக்குக் கதவு இருந்தா."

பூர்ஸக் பின்னால் வந்து நின்றான். முலாம்பழத்தைக் கீழே வைக்க இடம் தேடிக் கை காற்றில் அலைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் என் முகத்தைத் தவிர்க்கவில்லை. அவனுக்கு என் முகமே தெரியவில்லை.

"ரெண்டு வருசமாச்சு மச்சான்" என்றான். "கண்ணுல புகை அடைச்ச மாதிரி. ஆளு நிக்கிறது தெரியும், மூக்கு தெரியாது. பகடையில புள்ளி தெரியாது. வேலை போனா சோறு போயிடும். இவ பக்கத்துல உக்காந்து உளி தீட்டிக் குடுத்தவதான? ஒரு நாள் எடுத்து வெட்டிக் காட்டினா. என் கையவிட நல்லாருந்துச்சு. நான் சொல்லக் கூடாது, ஆனா நல்லாருந்துச்சு."

அரசரின் முகத்தை ஒரு பெண் வெட்டுவது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசை எடுத்து அவள் முன் போட்டேன்.

"அப்ப இதுவும் நீதானா?"

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்சம்கூடப் பதறவில்லை. "நான் வெட்டினதுதான். அடுத்த வருச அச்சப் புத்தாண்டுக்கு முன்னாடியே வெட்டிக் குடுக்குறதுதான வழக்கம்? புத்தாண்டுக்கு ஒரு மாசம் இருக்கும்போதே முடிச்சேன். இவருதான் கொண்டுபோய் ஐயா கையில குடுத்தாரு. நீ அப்ப காய்ச்சல்ல படுத்துக் கிடந்த."

"குடுத்த பத்தாம் நாள் மூத்தவர இறக்கிட்டாங்க" என்றான் பூர்ஸக். "முத்தத்துல எல்லாத்தையும் உடைச்சோமே, அப்ப ஒவ்வொண்ணாத் தடவி எண்ணினேன். ஒன்பதாம் வருசத்து அச்சு அதுல இல்ல."

"அன்னிக்கே என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் தயங்கினான். "காப்பறைச் சாவி ரெண்டு பேருகிட்ட. ஐயா பெரிய குடும்பத்து ஆளு, அவருக்கு எதுக்கு இந்த வேலை? அப்ப மிச்சம் யாரு? நீ காச இடுப்புல செருகினதும் தெரிஞ்சுச்சு, பளிச்சுன்னு மின்னுச்சு. அது என்னன்னுதான் தெரியல, எதுன்னு ஊகிச்சுட்டேன்."

நான் மூன்று வாரமாக அவனைச் சந்தேகித்தேன். அவன் நாலு மாதமாக என்னைச் சந்தேகித்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பேன். கண் தெரியாதவனை எப்படி அடிப்பது?

தேனக்தான் கேட்டாள். "இருக்கட்டும். வெள்ளிய உரைச்சுப் பாத்தியா அண்ணே?"

உரைக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் நான் உரைத்துப் பார்க்காமல் விட்ட ஒரே காசு அதுதான். சுடரைப் பார்த்தேன், ஆண்டைப் பார்த்தேன், மச்சானை முடிவு கட்டினேன். வெள்ளியைப் பார்க்கவே இல்லை. மடியிலிருந்த கல்லை எடுத்து இழுத்தேன். அக்கசாலை வெள்ளி வரிப்பணத்தை உருக்கி வருவது. அதன் கோடு சற்று மங்கலாக இருக்கும். இது பளபளத்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் கோட்டுக்குள் மிக லேசான மஞ்சள். பொன் பூசிய வெள்ளிப் பாத்திரத்தை உருக்கினால் மட்டும்தான் அந்த மஞ்சள் தங்கும்.

"பொன் பூசின தட்டு" என்றேன். "இந்த ஊருல அது எத்தன வீட்டுல இருக்கு?"

"ஐயா வீட்டம்மா சீதனமாக் கொண்டுவந்தது பன்னெண்டு" என்றாள் தேனக். "இந்தப் புத்தாண்டு விருந்துல நமக்கு எதுல போட்டாங்க? செம்புத் தட்டுல. பழசு பொத்தலாயிடுச்சுன்னு அந்தம்மா சொன்னாங்க. பன்னெண்டும் ஒரே வருசத்துலயா பொத்தலாகும்னு நான் அப்பவே நெனச்சேன்."

மலைப்பக்கம் முகத்தைச் சுற்றிக்கொண்டு, விலை பேசாமல் குதிரை வாங்கியவர்கள் யாருக்காக வாங்கினார்கள் என்று இப்போது விளங்கியது. மூத்தவரை மீட்க யாரோ படை சேர்க்கிறார்கள். அதற்கு விந்தாத் காசு அடித்துக் கொடுக்கிறார்.

ஆனால் விளங்கியதை வைத்து என்ன செய்வது? அவரைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த கேள்வி, அச்சு வெட்டியது யார் என்பதுதான். மூவரும் பேசி, பேசாமல் இருப்பதென்று முடிவு செய்தோம். மறுநாள் காலை உலை சரியானதும் அந்தக் காசை மற்ற வெள்ளியோடு மூசைக்குள் போட்டேன். அது உருகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

விந்தாத் அன்று மாலையும் வந்தார். "ஏதாவது விசேஷமா வந்துதா?" இந்தத் தடவை நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என்னை வேவு பார்க்கிறார் என்று இத்தனை நாள் நினைத்தேனே, அவர் பயந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

கோடை முடிவதற்குள் தலைநகரிலிருந்து விசாரணைக்காரர் வந்துவிட்டார். தாடிக்கு மருதாணி பூசிய, கட்டையான மனிதர். வெவ்வேறு சந்தைகளில் பிடிபட்ட ஏழு காசுகளை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஒன்பதாம் ஆண்டு, எல்லாம் எங்கள் ஊர். முற்றத்தில் எங்கள் அனைவரையும் நிறுத்தினார். விந்தாத் அவருக்குப் பக்கத்தில், விருந்தாளிக்குக் குடை பிடிப்பவர்போல மரியாதையாக நின்றார்.

"இங்க அச்சு வெட்டுறவன் எவன்?"

பூர்ஸக் முன்னே வந்தான்.

"இது உன் வேலையான்னு கேக்கப் போறதில்ல. கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவ. உன் வீட்டுல உன் உளி, பலகை எல்லாத்தையும் எடுத்து வரச் சொல்றேன். வீட்டுல யார் இருக்கா?"

"என் சம்சாரம்."

"அவளையும் கூட்டிட்டு வரட்டும். பொம்பளைங்க சீக்கிரம் பேசிடுவாங்க."

காவலர் இரண்டு பேர் நகர்ந்தார்கள். அவர்கள் வாசலைத் தொடுவதற்குள் பூர்ஸக் உரக்கச் சொன்னான்: "வேண்டாங்க. நான்தான். நான்தான் வெட்டினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

விசாரணைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சர்வ சாதாரணமாக, "கட்டுங்க. நாளைக்குக் கோவில் முன்னாடி கைய எடுத்துரலாம்" என்றார்.

அவன் கைகளைப் பின்னால் கட்டும்போது, எந்தத் திசையில் நான் நிற்கிறேன் என்று தெரியாமல் அவன் முகம் அங்கும் இங்கும் திரும்பியது. என்னைத் தேடுகிறான் என்று நினைத்தேன். என்னைக் குற்றம் சாட்டுகிறான் என்றும் நினைத்தேன். எதுவோ, என் கால் முன்னே போய்விட்டது.

"ஐயா, அந்த வெள்ளிய நான் ஒரு தடவ உரைச்சுப் பாக்கலாமா?"

"நீ யாரு?"

"மாற்றுப் பாக்குறவன்."

ஏழையும் உரைத்தேன். ஏழு கோடுகளும் மஞ்சள் கலந்து பளபளத்தன. பக்கத்தில் எங்கள் அக்கசாலை வெள்ளியை இழுத்துக் காட்டினேன். இது எங்கள் உலையில் உருகிய வெள்ளி இல்லை, பொன் பூசிய தட்டுகளை உருக்கியது, இந்த ஆளின் வீட்டில் மண் கலமும் மரக் கரண்டியும்தான் இருக்கின்றன என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. கோவில் குரு மெல்லத் தலையைத் திருப்பி விந்தாத்தைப் பார்த்தார். அவரும் அந்தத் தட்டுகளில் சாப்பிட்டவர்தான். குரு பார்த்த பக்கம் விசாரணைக்காரரும் பார்த்தார்.

விந்தாத் என்னைத்தான் பார்த்தார். அதில் கோபம் இல்லை. எதையோ கணக்கிடுவதுபோல இருந்தது.

அவர் வீட்டுக் குதிரை லாயத்தில், தீவன மூட்டைக்கு அடியில் அச்சு கிடைத்தது. இரண்டு தட்டுகள் இன்னும் உருகாமல் இருந்தன. விசாரணைக்காரர் பூர்ஸக்கைக் காட்டி, "இவன்தான உனக்கு வெட்டிக் குடுத்தான்?" என்று கேட்டார்.

"அவனா? அவன் பயந்து உளர்றான்" என்றார் விந்தாத், அதே மெல்லிய குரலில். "சின்ன வயசுல நான் முத்திரை வெட்டக் கத்துக்கிட்டேன். இந்த அச்சு நான் வெட்டினது."

அவர் முத்திரை வெட்டியதை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஏன் அப்படிச் சொன்னார்? அந்த நேரத்தில்கூட எனக்கு அது நல்லதாகத் தோன்றவில்லை. பின்னால் எங்களை ஏதோ வலையில் இழுக்கப்போகிறார், அதற்குத்தான் இந்த வேஷம் என்றுதான் பட்டது. அவரைக் கழுதை மேல் ஏற்றிச் சங்கிலியோடு கொண்டுபோனார்கள். பூர்ஸக்கின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஓலை வந்தது. அக்கசாலைக்கு இனி நான்தான் மேலாளர் என்று.

அதை நான் கேட்கவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? சம்மட்டி அடிப்பவர்கள் நான் நுழைந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ரொட்டிக்காரன், "நாற்காலிக்கு நல்லா உரைச்சீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். என் சொந்தப் பெண்டாட்டியே ஒரு நாள் நெய் உருக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அந்த நாற்காலிய முன்னாடியே நெனச்சு வச்சிருந்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி' எந்த மாற்று என்று எனக்குத் தெரியும்.

தேனக் தொடர்ந்து வெட்டினாள். இளையவரின் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு ஓலை வரும்போதும், தலைநகரில் விந்தாத் வாய் திறந்துவிட்டார் என்ற செய்தி அதில் இருக்கும் என்று எதிர்பார்த்தே பிரித்தேன். பூர்ஸக்குக்கு அதற்குள் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. யாராவது கதவைத் தட்டினால் அவன் முதலில் எழுந்து போய் வேலையறை வாசலை மறைத்துக்கொண்டு நிற்பான்.

மூன்றாம் ஆண்டு பிறக்கவில்லை. மூத்தவர் கோட்டையிலிருந்து தப்பி, கிழக்கே போய்ப் படை திரட்டிக்கொண்டு திரும்பினார். சண்டையே இல்லாமல் தம்பி இறங்கிக் கொடுத்தார் என்றார்கள். புதிய ஆணை வந்தது: இனி வெட்டும் காசில் மூத்தவரின் பதினோராம் ஆண்டு என்று போட வேண்டும். நடுவில் போன ஆண்டுகள் தம்பியுடையவை அல்ல, எல்லாம் அவருடையவையே என்பதுபோல. ஒன்பது என்று ஒரு காலத்தில் கை போகும் குற்றமாக இருந்த எண் இப்போது சட்டப்படி நடந்து முடிந்த ஆண்டு.

விந்தாத் திரும்பி வருவதற்குள் ஓடிவிடலாம் என்றேன். பூர்ஸக், "எந்த ஊருக்கு? எல்லா ஊர்லயும் இப்ப அவரு ஆளுங்கதான்" என்றான். இருந்துவிட்டோம்.

ஆணை வந்த பதினாறாம் நாள் விந்தாத் வந்தார். இரண்டு வருடத்தில் அவருக்கு இருபது வருட வயது ஏறியிருந்தது. வலக்கையில் கட்டைவிரலைத் தவிர வேறு விரல் இல்லை. முற்றத்தில் எல்லோரும் விழுந்து வணங்கினார்கள். நானும் விழுந்தேன். அவர் என் நாற்காலியில், இல்லை, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போகச் சொன்னார்.

"யாரு வெட்டினான்னு பதினேழு நாள் கேட்டாங்க" என்றார். "நான்தான்னேன். வெட்டிக் காட்டுன்னாங்க. எனக்கு வெட்டத் தெரியாதே. நாளுக்கு ஒரு விரலுன்னு நாலு நாள். அதுக்கப்புறம் வெட்டிக் காட்டச் சொல்லிக் கேக்க முடியல பாரு."

நான் மிஞ்சியிருந்த அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"உன் தங்கச்சி ஒரு தடவ எனக்கு மாதுளஞ்சாறு கொண்டுவந்து குடுத்தா. வலது கைப் பெருவிரல்ல உளி புடிச்ச காய்ப்பு. மாவு பெசஞ்சா அங்க காய்க்காது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அச்ச வாங்கினேன், இன்னொருத்தர் கையக் கேக்காம எடுத்தவன் நானு. அதுக்கான விலைய நான்தான குடுக்கணும்?"

"ஐயா, அன்னிக்கு மச்சான் கைய வெட்டப் போனாங்க. எனக்கு வேற வழி..."

"தெரியும். உன் இடத்துல நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்." கட்டைவிரலால் மேசைமேல் இருந்த தூசியைத் தள்ளினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. மச்சானுக்காகச் செஞ்சியா, நாற்காலிக்காகச் செஞ்சியா?"

"மச்சானுக்காக."

அவர் என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். நான் ஆயிரக்கணக்கான காசுகளைப் பார்த்த அதே பார்வை. "நல்லது" என்றார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, பதினோராம் ஆண்டு அச்சை ஒன்பதாம் ஆண்டு வெட்டிய கையே வெட்டட்டும், கூலியும் ஆணுக்குள்ள கூலியே போகட்டும், யார் கேட்டாலும் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். என்னை மறுபடி உரைகல்லுக்கு அனுப்பினார்.

அவர் சிறையிலிருந்த இரண்டு வருடமும் அவர் வீட்டம்மா அக்கம்பக்கத்தார் கொடுத்ததைச் சாப்பிட்டுக் கழித்திருக்கிறார். தேனக் வாரம் ஒரு தடவை ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. "உன்கிட்ட சொன்னா, அதுல என்ன உள்குத்துன்னு யோசிப்ப" என்றாள். நான் அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றுவழியில் நடந்தவன்.

அந்த மாத ஓய்வு நாளில் ஒரு குடுவை மது எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, "தூங்குறாங்க" என்றார். உள்ளே அவர் இருமுவது கேட்டது. திரும்பிவிட்டேன். அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாம் மாதம் வீட்டம்மா கதவை முழுசாகத் திறந்து, முற்றத்தில் உட்காரச் சொல்லி, ஒரு கிண்ணம் மோர் கொண்டுவந்து வைத்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். விந்தாத் வெளியே வரவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.